ஓய்வு பெற்ற லோகோ பைலட்டும் நானும் கேம்பர் வேனில் மலை சுற்ற ஆசைப்படுகிறோம். எங்கே தொடங்கலாம்?

காட்பாடி டீச்சர் எழுதியது (மார்ச் 9):

எல்லோருக்கும் வணக்கம். நான் காட்பாடியில் இருக்கிறேன். புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. வயது 59. வீட்டுக்காரருக்கு 61. ரயில்வேயில் லோகோ பைலட்டாக இருந்தவர்.

முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் கிழக்குத் தொடர்ச்சி மலையை வரைந்திருக்கிறேன். ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிள்ளைகளை வரிசையாகச் சொல்ல வைத்திருக்கிறேன். அதில் ஒரு மலையிலாவது ஓர் இரவு தங்கியது கிடையாது. காலையில் போய் மாலையில் திரும்பிய பள்ளிச் சுற்றுலாக்கள் மட்டும்தான், அதிலும் பிள்ளைகளின் தலையை எண்ணுவதிலேயே நாள் போய்விடும். அவருக்கும் அப்படித்தான். கூட்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டு ஏலகிரி அடிவாரத்து ஜோலார்பேட்டையை எத்தனை ஆயிரம் முறை கடந்திருப்பாரோ தெரியாது. விடியற்காலை டியூட்டி முடிந்து வந்தால், "இன்னைக்கு ஏலகிரி மேல மேகம் அப்படியே உட்கார்ந்திருந்தது" என்பார். ஒரு நாளும் இறங்கி ஏறியதில்லை.

பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகன் கேம்பர் வேன் வாடகைக்குக் கிடைக்கிறது என்று காட்டினான். உள்ளேயே படுக்கை, சிறிய அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை. நாள் வாடகை 9,000 ரூபாய் சொன்னார்கள். எனக்கு முழங்கால் வலி உண்டு. அவருக்குச் சர்க்கரை, இரவில் இரண்டு முறையாவது எழுந்திருப்பார். வேளாவேளைக்கு என் கைச் சமையல்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளும். அதனால் லாட்ஜை விட இது எங்களுக்குச் சரியாக வரும் என்று தோன்றுகிறது.

மே மாதம் பன்னிரண்டு நாள் போகலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்: ஏலகிரி, ஜவ்வாது, ஏற்காடு, கொல்லிமலை, ஊட்டி, முடிந்தால் அப்படியே வயநாடு. வேலூர் வெயிலிலிருந்து தப்பித்த மாதிரியும் இருக்கும்.

கேட்க வேண்டியவை இவைதான். சாதாரண கார் லைசென்ஸ் போதுமா? கொண்டை ஊசி வளைவில் அந்த வண்டி திரும்புமா? இரவில் எங்கே நிறுத்துவது? இந்த வயதில் இரண்டு பேர் மட்டும் போவது சரிதானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


குடியாத்தம் வண்டிக்காரர் எழுதியது:

டீச்சரம்மா, வணக்கம். நானும் என் மனைவியும் நாலு வருஷமாக இப்படித்தான் சுற்றுகிறோம். சொந்த வண்டி, 18 அடி நீளம். நீங்கள் எழுதிய பட்டியலைப் பார்த்ததும் எங்கள் முதல் பயணம்தான் நினைவுக்கு வந்தது. தயவு செய்து அந்தப் பட்டியலைக் கிழித்துவிடுங்கள். இதை அக்கறையோடு சொல்கிறேன்.

நாங்களும் அப்போது ஆறு நாளில் நாலு மலை என்று போட்டிருந்தோம். ஏற்காட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, மறுநாளே இறங்கி, அதற்கு மறுநாள் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து மேலே எழுபது வளைவு. ஓட்டுகிற எனக்குத் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வயிறு புரளும். பாதி வழியில் என் மனைவி ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மலை பார்க்க வந்தோமா, ரோடு பார்க்க வந்தோமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வழக்கம் மாறிவிட்டது. ஒரு பயணத்துக்கு ஒரு மலை. ஓரிடத்தில் இரண்டு இரவுக்குக் குறையாமல் தங்குவது. மாலை நாலு மணிக்கு வண்டி நின்றிருக்க வேண்டும்.

அந்த நாலு மணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையில் மேற்குப் பக்கம் சிகரம் இருந்தால் ஐந்தரைக்கே வெளிச்சம் போய்விடும். மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் ஐந்து மணிக்கு மேல் மூடுபனி இறங்கும். அந்த நேரத்தில் இடம் தேடினால் கிடைத்த இடத்தில் நிறுத்துவோம். சாய்வான தரையாக இருக்கும், இரவு முழுக்கத் தலைப்பக்கம் ரத்தம் இறங்கி தூக்கமே வராது. அல்லது யாருடைய நிலம் என்றே தெரியாது. நாலு மணிக்கு நின்றால் சுற்றி நடந்து பார்க்கலாம், பக்கத்து வீட்டில் கேட்கலாம், சரியில்லை என்றால் வேறு இடம் பார்க்கவும் ஒரு மணி நேரம் கையில் இருக்கும்.

அடுத்தது மே மாதம். நீங்கள் புவியியல் டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். வேலூரில் 41 என்றால் மேலே பகலில் 35 இருக்கும். வேன் தகரம்தான் அம்மா. மதியம் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். ஏசி போடலாமே என்றால் பேட்டரி தாங்காது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 1,280 வாட்-மணி இருக்கும். இரண்டு சின்ன விசிறி, விளக்கு, குளிர்பெட்டி என்றால் ஒரு நாள் நிம்மதியாக ஓடும். ஏசி போட்டால் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதே கடினம். அதனால் நாங்கள் டிசம்பர் பாதிக்கு மேல் கிளம்பி பிப்ரவரிக்குள் முடித்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மலை பச்சையாக இருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும்.

சொந்த வண்டி வாங்குவதற்கு முன் ஒருமுறை வாடகை வண்டி எடுத்தோம். இரண்டாவது இரவு பன்னிரண்டு மணிக்கு விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாம் நின்றுவிட்டது. சோலார் மட்டும்தான் அந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிறது, ஓடும்போது இன்ஜினிலிருந்து ஏறும் இணைப்பே அதில் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் பனிமூட்டத்தில் சோலார் என்ன செய்யும்? வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே இதைக் கேளுங்கள். வீட்டு வாசலில் ஓர் இரவு நிறுத்தி, எல்லாவற்றையும் ஓடவிட்டு, உள்ளேயே படுத்துப் பாருங்கள். அந்த ஒரு நாள் வாடகை வீணாகாது.

லைசென்ஸ் பற்றி: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம், வாடகைப் பதிவு வண்டியாக இருந்தாலும் சரி. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் இதை உறுதி செய்துவிட்டது. ஐயாவுக்கு 61 என்பதால் லைசென்ஸ் எந்தத் தேதி வரை என்று மட்டும் பாருங்கள். 55 வயதுக்கு மேல் ஐந்தைந்து வருஷத்துக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள். மருத்துவச் சான்றும் வேண்டும்.

சமையலுக்குக் குக்கர் கட்டாயம். ஏலகிரி உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் 93-க்கும் கீழே. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவைத்தால் கேஸ்தான் தீரும். இன்னொன்று, இதை மறக்கவே கூடாது: குளிருக்காகக் கண்ணாடியை முழுக்க மூடிக்கொண்டு கேஸ் அடுப்பை எரியவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. சமைக்கும்போது கூரை ஜன்னலும் ஒரு பக்கக் கண்ணாடியும் திறந்திருக்க வேண்டும். படுக்கப் போகும்போதும் வண்டி ஓடும்போதும் சிலிண்டர் வால்வையே மூடிவிட வேண்டும்.

ஊட்டி இருக்கட்டும், பிறகு போகலாம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் முதல் பயணத்துக்கு நான் சொல்வது ஜவ்வாது மலைதான். உங்கள் வீட்டு வாசலிலிருந்து போய்விட்டு வேறு வழியில் இறங்கி வரலாம். கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர் போய், மேலே ஏறினால் ஜமுனாமரத்தூர். அங்கிருந்து காவலூர். இறங்கினால் ஆலங்காயம், வாணியம்பாடி. அப்புறம் தேசிய நெடுஞ்சாலையில் ஆம்பூர் வழியாக வீடு. ஏதாவது கோளாறு என்றாலும் இரண்டு மணி நேரத்தில் வேலூர் வந்துவிடலாம்.


ஆம்பூர் பக்கம் எழுதியது:

நாளுக்கு 9,000 கொடுப்பதற்கு, சொந்தக் காரில் போய் 2,500 ரூபாய்க்கு நல்ல அறை எடுத்துத் தங்கலாமே அக்கா. வெந்நீர் வரும், கட்டில் மெத்தை இருக்கும். ஐயாவுக்கும் ஓட்டும் சிரமம் குறையும். வேன் என்பது வயசுப் பிள்ளைகளுக்கு.


காட்பாடி டீச்சர் எழுதியது:

தம்பி, கணக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் பணத்தை வைத்து மட்டும் நான் இதைப் பார்க்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ராத்திரி டியூட்டி பார்த்தவருக்கு உடம்பில் வேறு கடிகாரம் ஓடுகிறது. இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வார். மூன்றரைக்குத் தேநீர் கேட்பார். லாட்ஜில் அந்த நேரத்துக்கு யாரை எழுப்புவது? நாலு சுவருக்குள் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் தூங்குகிறேன் என்று விளக்கும் போட மாட்டார். போன வருஷம் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய் ஒரு ஹோட்டலில் தங்கினோம். மூன்று மணிக்குக் கண் விழித்தால் அவர் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேனில் என்றால் கதவைத் திறந்து நாங்களே தேநீர் போட்டுக்கொண்டு வெளியே உட்காரலாம். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் விடியற்காலையை அவரோடு சேர்ந்து பார்த்தது கொஞ்சம்தான். அதற்குத்தான் இந்த ஆசை.

குடியாத்தம் ஐயாவுக்கு நன்றி. பட்டியலைக் கிழித்துவிட்டேன். மே மாதமும் வேண்டாம். வளைவையும் பிரேக்கையும் பற்றி யாராவது சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் இறக்கத்தைப் பற்றி எனக்குப் பயம் இருக்கிறது.


சத்துவாச்சாரி மெக்கானிக் எழுதியது:

அம்மா, ஐயா லோகோ பைலட் என்றால் பாதி வேலை முடிந்தது. இறக்கத்தில் பாரம் எப்படித் தள்ளும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எலக்ட்ரிக் இன்ஜினில் இறக்கத்தில் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி வேகத்தைப் பிடித்து வைப்பார்கள் இல்லையா, டைனமிக் பிரேக் என்று? வேனில் அந்த வேலையைக் கியர் செய்கிறது. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். செகண்டில் ஏறினால் செகண்டில் இறக்கம். காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வரக் கூடாது. வளைவுக்கு முன்னால் நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிட வேண்டும். இடையில் பிரேக் ஆறும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜினை அணைத்துவிட்டால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி போய்விடும், பவர் ஸ்டீயரிங்கும் கல் மாதிரி ஆகிவிடும். சக்கரத்தின் பக்கம் கருகிய வாடை வந்தால் சமதளமாகப் பார்த்து நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும். அந்தச் சூட்டில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இரண்டு மரக்கட்டை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று வாடகைக்காரரிடம் கேளுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய ஆயில் என்றால் மலை இறக்கச் சூட்டில் உள்ளே ஆவியாகி, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

பாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. கூரை மேல் தொட்டி இருக்கும் வண்டி வளைவில் சாயும். கீழே தொட்டி இருக்கும் வண்டியாகப் பாருங்கள். அடிவாரத்திலேயே நிரப்பிக்கொண்டு ஏறாமல், பாதி மட்டும் வைத்துக்கொண்டு மேலே போய் நிரப்புங்கள்.

வளைவில் திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். 18, 19 அடி வண்டி ஏலகிரி, ஜவ்வாது வளைவுகளில் திரும்பும். அந்த வழியில் பஸ்ஸே போகிறது. ஒரே விஷயம், வெளிப்பக்கமாக அகலமாக எடுத்துத் திரும்ப வேண்டும். பின் சக்கரம் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இது ஓட்டுநர்களின் மரியாதை மட்டுமல்ல, 2017-இல் வந்த ஓட்டுநர் விதிமுறையிலேயே இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் வண்டியைச் சத்துவாச்சாரி பக்கம் கொண்டுவந்தால் நானே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துத் தருகிறேன்.


ஜமுனாமரத்தூர் பொண்ணு எழுதியது:

அம்மா, நான் மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். இப்போதும் இங்கேதான் வேலை பார்க்கிறேன். எங்கே நிறுத்துவது என்று நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் வெளியூர் வண்டிகள் தப்பு செய்கின்றன.

ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. சாலையோரம் காலியாக இருக்கிறது என்று காட்டுக்குள் வண்டியை இறக்கி இரவு தங்கக் கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் அது குற்றம். கரடி நடமாட்டமும் உண்டு. பட்டா நிலத்தில், ஊருக்குள், யாராவது ஒருவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். நுழைந்ததும் முதலில் பார்க்கும் வீட்டில் "ஊர்ப் பெரியவர் யாருங்க?" என்று கேட்டால் அழைத்துப் போவார்கள். இரண்டு பேர், வயதானவர்கள், ஓர் இரவு தங்கிவிட்டுப் போகிறோம் என்றால் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் நிறுத்தினால்தான் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வருவார்கள். காட்டில் மரம் வெட்ட வந்தவர்களோ என்ற சந்தேகம் இங்கே எப்போதும் உண்டு. சந்தன மரம் இருந்த மலை இது, அதனால் எங்கள் ஊர்கள் பட்ட பாடும் அதிகம்.

ஓடையில், சுனையில் சோப்புப் போட்டுப் பாத்திரம் கழுவ வேண்டாம். கீழே ஒரு ஊர் அதைத்தான் குடிக்கும். கழிப்பறைத் தொட்டியை எந்தக் காரணம் கொண்டும் மலையில் கொட்டாதீர்கள். கீழே இறங்கி, பொதுக் கழிப்பறையிலோ வீட்டிலோ கொட்டுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நான்கு துணிப்பை எடுத்து வாருங்கள். சாமை, தேன், புளி எல்லாம் எங்கள் ஆட்களிடம் வாங்கலாம். சாமையை வேனிலேயே பொங்கல் வைத்துப் பாருங்கள், ஐயாவின் சர்க்கரைக்கு அரிசியை விட நல்லது.

காவலூர் வானாய்வகத்துக்குக் கட்டாயம் போங்கள். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1986-இல் அந்த ஆய்வகத்துக்கு வைனு பாப்பு பெயரை வைத்தார்கள். அதற்கு முன்னாலேயே, 1977-இல், யுரேனஸ் கோளைச் சுற்றி வளையம் இருப்பதைக் கண்டவர்களில் எங்கள் காவலூரிலிருந்து பார்த்தவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தந்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பார்வை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பக்கம் இரவில் நிறுத்தினால் வெளிவிளக்கை எரிய விடாதீர்கள். இருட்டு இருப்பதால்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஜனவரியில் வந்தால் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே பாருங்கள். சிரியஸ் என்ற மிகப் பிரகாசமான நட்சத்திரத்துக்குக் கீழே இன்னொன்று தெரியும். அது அகத்தியர். எங்கள் தாத்தா அதைத்தான் முதலில் காட்டினார்.


காட்பாடி டீச்சர் எழுதியது (ஜனவரி 27):

பத்து மாதம் கழித்து எழுதுகிறேன். போய்விட்டு வந்துவிட்டோம். ஐந்து நாள். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து கை துறுதுறுக்கிறது.

வண்டியைச் சத்துவாச்சாரிக்குக் கொண்டு போனோம். பிரேக் ஆயில் கறுப்பாக இருந்தது. வாடகைக்காரரிடம் பேசி மாற்றினோம், செலவை அவர்களே கழித்துக்கொண்டார்கள். அந்தத் தம்பி காசு வாங்க மாட்டேன் என்றார். அவர் குடும்பத்தோடு நன்றாக இருக்க வேண்டும். வீட்டு வாசலில் ஓர் இரவு படுத்துப் பார்த்தோம். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. படுக்கை நான்கடி அகலம்தான், இரண்டு பேருக்கு அது போதாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டோம். முன்னிருக்கையைச் சாய்த்து அவர் அங்கே படுத்தார். விழித்துக்கொண்டால் என் தூக்கம் கெடாமல் கதவைத் திறந்து இறங்கவும் அதுதான் வசதி.

போளூர் வழியாக ஏறினோம். அத்திமூரைத் தாண்டியதும் காற்றே மாறிவிட்டது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் கொடுத்து, செகண்டும் தேர்டுமாக ஏற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பாறை எப்படி உருவானது என்று பாடம் நடத்தினேன். முப்பத்தொரு வருஷம் படத்தில் காட்டியது கண் எதிரே நிற்கும்போது வாய் சும்மா இருக்குமா?

நாலு மணி விஷயத்தில்தான் முதல் நாளே சண்டை வந்தது. மூன்றே முக்காலுக்கு ஜமுனாமரத்தூரில் இருந்தோம். "இன்னும் வெளிச்சம் இருக்கு, காவலூர் போயிடலாம்" என்றார். நான் இறங்கி நின்றுவிட்டேன். குடியாத்தம் ஐயா சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு பக்கத்துச் சின்ன ஊரில் விசாரித்து, ஒரு பாட்டியின் களத்துமேட்டில் நிறுத்தினோம். ஐந்தே காலுக்குப் பனி இறங்கியதே பார்க்க வேண்டும். பத்தடி தள்ளி இருந்த மாட்டுக்கொட்டகை தெரியவில்லை. அவர் வேனுக்குள் வந்து, "நீ சொன்னதுதான் சரி" என்றார்.

அந்தப் பாட்டி காலையில் ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்து கொடுத்தார். பதிலுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், காட்பாடியிலிருந்து கொண்டுபோன முள்ளுக் கத்தரிக்காயில் பாதியைக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்து, "இலவம்பாடி காயா?" என்று கேட்டார். எங்கள் வேலூர் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அங்கேயே இரண்டாவது இரவும் இருந்தோம். அவர் கொடுத்த சாமையில்தான் பொங்கல். மூன்று விசில் அதிகமாக விட்டேன், கொஞ்சம் குழைந்துவிட்டது. பீமன் மடவு அருவியில் என் முழங்காலுக்காகப் பாதி வரைதான் இறங்கினேன். அவர் கீழே போய்ப் போட்டோ எடுத்து வந்தார்.

சனிக்கிழமை காவலூர். பெரிய தொலைநோக்கியின் கூண்டுக்குக் கீழே நின்றபோது வகுப்பறையில் இதைச் சொன்ன ஒவ்வொரு வருஷமும் நினைவுக்கு வந்தது. அன்று இரவு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஜமுனாமரத்தூர் பொண்ணே, அகத்தியரைப் பார்த்தோம் அம்மா. தென்னை மரத்துக்கு மேலே, கொஞ்சமும் மினுக்காமல் நிற்பது போல இருந்தது. இரண்டரைக்கு அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். கூரை ஜன்னலைத் திறந்து வைத்து, சுக்குப் போட்டுத் தேநீர் போட்டேன். விடியும் வரை ராத்திரி டியூட்டிக் கதைகளைச் சொன்னார். பெட்டிகள் எத்தனை, எந்த இறக்கத்தில் பாரம் தள்ளும், மழையில் சக்கரம் வழுக்கும்போது மணல் எப்படிப் போடுவார்கள் என்று. இத்தனை வருஷத்தில் இதில் பாதி எனக்குத் தெரியாது. டியூட்டி முடிந்து வந்ததும் தூங்கிவிடுவார், நான் பள்ளிக்குக் கிளம்பிவிடுவேன்.

ஆலங்காயம் பக்கம் இறங்கும்போது எனக்கிருந்த பயம் வளைவுக்கு வளைவு குறைந்தது. செகண்ட் கியர், இன்ஜின் உறுமிக்கொண்டே வந்தது. கீழே வந்ததும் சக்கரத்தின் பக்கம் கையை நீட்டிப் பார்த்தார், சூடு கொஞ்சம்தான் இருந்தது.

ஒரே மலை என்று சொல்லியிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், கடைசி இரவு ஏலகிரி போய்விட்டோம். வாணியம்பாடி வரை வந்துவிட்டு அதை விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை. பொன்னேரியிலிருந்து பதினாலு வளைவு. ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரும் வள்ளல் பெயரும் வைத்திருக்கிறார்கள். கபிலர், ஔவையார், பாரி, ஓரி, பேகன் என்று பலகையைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். அத்தனாவூரில் ஒருவர் தோட்டத்தில் காசு கொடுத்து நிறுத்தினோம். புங்கனூர் ஏரியை ஒரு சுற்று நடந்தோம்.

இரவு எட்டரைக்குப் பள்ளத்தாக்கு தெரியும் இடத்துக்குப் போய் நின்றோம். கீழே சமவெளி முழுக்க விளக்கு. நடுவில் ஒரு வெளிச்சம் மட்டும் மெதுவாக நகர்ந்து போனது. கடிகாரத்தைப் பார்த்தார். "கூட்ஸ்தான். சிக்னலுக்காக வேகத்தைக் குறைக்கிறான்" என்றார். சொன்ன மாதிரியே அது நின்றது. அது மறுபடி கிளம்பும் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். இருபது நிமிஷம் இருக்கும். குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது, ஆனால் போகலாம் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த ஜனவரிக்கு ஏற்காடு. மூன்று இரவு, அங்கேயே. இப்போது ஒரு சந்தேகம்: இரவில் குழாயைத் திறந்தால் அந்தத் தண்ணீர் மோட்டார் போடும் சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து நாய்கள் எல்லாம் குரைக்கின்றன. அடியில் ரப்பர் வைத்தால் குறையுமா? அல்லது ராத்திரிக்கு மட்டும் ஒரு குடம் தனியாக வைத்துக்கொள்வது நல்லதா? குடியாத்தம் ஐயா, உங்கள் வண்டியில் என்ன செய்திருக்கிறீர்கள்?


குடியாத்தம் வண்டிக்காரர் எழுதியது:

ரப்பர் வையுங்கள், பாதி குறையும். குழாயையும் தகரத்தில் படாமல் துணி சுற்றிக் கட்டுங்கள், சத்தம் அங்கிருந்துதான் அதிகம் வரும். குடமும் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி உங்கள் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஏற்காட்டுக்கு எந்தத் தேதி என்று சொல்லுங்கள், நாங்களும் அந்தப் பக்கம் வரலாம் என்று இருக்கிறோம்.